முப்பத்தாறாம் நாள் விழுந்த கொடி

என் அக்கா மகனுக்குத் தொப்புள்கொடி முப்பத்தாறாம் நாள்தான் விழுந்தது. மற்றக் குழந்தைகளுக்கு ஒரு வாரம், மிஞ்சினால் பத்துப் பதினைந்து நாளில் காய்ந்து விழுந்துவிடும். இவனுக்கு ஒரு மாதம் தாண்டியும் வயிற்றில் கறுத்துச் சுருண்டு கிடந்தது. அது ஏன் என்று தெரிந்திருக்க வேண்டிய ஆள் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். அந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் என்றுகூடச் சொல்வேன். நான் சொல்லவில்லை. இதை எழுத வேறு காரணம் எதுவும் இல்லை.

திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்த வருஷம் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வெளியாள் இல்லை, எங்கள் அப்பாவின் அக்கா மகன். கீழ்பென்னாத்தூரில் நெல்லும், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போடுகிற குடும்பம். அக்கா பிறந்த அன்றைக்கே அவனுக்குத்தான் இவள் என்று பேசி வைத்தது. எங்கள் பக்கத்தில் இதையெல்லாம் ஒரு தீர்மானம் என்றுகூட யாரும் நினைக்கமாட்டார்கள், மழை பெய்வது மாதிரி அது பாட்டுக்கு நடக்கும்.

அம்மா நான் எட்டாவது படிக்கும்போதே போய்விட்டாள். அதன் பிறகு எனக்குச் சோறு கட்டிக் கொடுத்ததும், சட்டை துவைத்ததும், ரேங்க் கார்டில் அப்பாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு கையெழுத்து வாங்கித் தந்ததும் அக்காதான். அவள் படிப்பு பத்தாவதோடு நின்றது அதனால்தான். கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் அப்பாவும் இறந்துபோனார். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது நான் மட்டும்தான். இதை இங்கேயே சொல்லிவைத்தால்தான் பின்னால் வருவது விளங்கும்.

ஆறு வருஷம் அவளுக்குக் குழந்தையில்லை. பௌர்ணமி தவறாமல் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து மலையைச் சுற்றினாள். கால் வீங்கிப் போனாலும் விடமாட்டாள். அவள் மாமியார், அதாவது எங்கள் அத்தை, கரும்புத் தொட்டில் போடுவதாக அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டாள். தொண்ணூற்றைந்தில், வைகாசி மாதம், பையன் பிறந்தான். எங்கள் பக்கம் பிரசவம் பார்க்க யாரும் இல்லாததால் எல்லாமே மாமியார் வீட்டில்தான் நடந்தது.

நான் அப்போது சென்னையில் ஆராய்ச்சி மாணவன். ஊரில் யாராவது என்னப்பா படிக்கிறே என்று கேட்டால் ரத்தத்தைப் பற்றி என்பேன். டாக்டருக்கா என்பார்கள். இல்லை என்றதும் பேச்சு மழைக்கும் மல்லாட்டை விலைக்கும் போய்விடும். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நான் செய்துகொண்டிருந்ததை விளக்கப் போனால் எனக்கே சில சமயம் சிரிப்பு வரும்.

இப்போது விளக்கித்தான் ஆக வேண்டும். உடம்பில் செல்கள் மூட்டை அடுக்கிய மாதிரி சும்மா கிடப்பதில்லை. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிடிப்பதற்கு ஒவ்வொரு செல்லின் மேலும் வெளியே நீட்டிக்கொண்டு புரதங்கள் நிற்கின்றன. அப்படி நிற்கும் புரதம் ஒரே நீள நூலை இடம்விட்டு இடம்விட்டுச் சுருட்டியது போல இருக்கும். ஒவ்வொரு சுருட்டலையும் நாங்கள் டொமைன் என்போம். ஒரு டொமைன் நிமிர்ந்து நிற்கத் தாங்கும், இன்னொன்று முழங்கை மாதிரி மடங்கும், நுனியில் இருப்பது எதிரே இருப்பதைப் பிடிக்கும். ரத்தத்தில் அடித்துக்கொண்டு போகிற வெள்ளை அணுவுக்கு இந்தப் பிடி ரொம்ப முக்கியம். காயம் பட்ட இடம் வந்ததும் அது ரத்தக்குழாயின் உள்சுவரைப் பிடித்து நிற்க வேண்டும். நின்றால்தான் சுவரைத் துளைத்து வெளியே போய்க் கிருமியைத் தின்ன முடியும். நிற்க முடியாவிட்டால் நம் ஸ்டாப்பிங்கில் நிற்காத பஸ் மாதிரி போய்க்கொண்டே இருக்கும்.

அந்தப் பிடிப்புப் புரதம் இரண்டு சங்கிலிகள் ஜோடி சேர்ந்தது. என் தலையில் கட்டியது இரண்டாவது சங்கிலியின் வெளிப்பகுதியில் இருக்கும் ஒரே ஒரு டொமைன். அதில் ஒரு சின்னக் குழி உண்டு. மக்னீசியம் வந்து அந்தக் குழியில் உட்கார்ந்தால்தான் பிடி இறுகும். அந்த டொமைனில் ஒரே ஒரு கண்ணி மாறிப் பிறந்தால்கூட ஜோடி சேராது. ஜோடி சேராவிட்டால் இரண்டு சங்கிலிகளுமே செல்லுக்கு வெளியே வராது. வெள்ளை அணு இருக்கும், அதற்குக் கை இருக்காது.

நான் அந்த டொமைனைத் தனியாக வெட்டி எடுத்து, பாக்டீரியாவுக்குள் வளர்த்து, சுத்தம் செய்ய வேண்டும். மூன்று வருஷம் அது எனக்கு மடங்காமல் வெள்ளைக் கட்டியாகத்தான் வந்தது, திரிந்த பால் மாதிரி. அந்த வேலை சலித்துப்போகும் நாட்களில் ஒட்டுகிற சோதனை செய்வேன். பிளாஸ்டிக் தட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கும். ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கிற புரதத்தை அவற்றில் பூசி, மேலே வெள்ளை அணுக்களை விட்டு, அரைமணி நேரம் கழித்து மூன்று முறை கழுவ வேண்டும். கழுவிய பிறகு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மக்னீசியத்தை உறிஞ்சி எடுக்கிற மருந்தைக் கலந்தால் எல்லாம் தண்ணீரோடு போய்விடும். இதை நூற்றுக்கணக்கான தடவை செய்திருக்கிறேன், கை பாட்டுக்குச் செய்யும்.

கை இல்லாத வெள்ளை அணுக்களோடு பிறக்கிற குழந்தைகள் உலகத்தில் உண்டு, ஆனால் ரொம்ப அபூர்வம். அவர்களைப் பற்றிய கட்டுரைகளில் முதல் அடையாளமாக எழுதியிருப்பது தொப்புள்கொடி தாமதமாக விழும் என்பது. கொடி தானாக விழுவதில்லை, வெள்ளை அணுக்கள் அங்கே போய் அரித்துத்தான் அதைப் பிரித்துவிடுகின்றன. இரண்டாவது அடையாளம், புண் வரும், சீழ் வராது. சீழ் என்பதே சண்டையில் செத்த வெள்ளை அணுக்கள்தானே. இந்த இரண்டையும் என் நோட்டில் பச்சை மையில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன்.

குழந்தை பிறந்த முப்பதாம் நாள் படையல் போட்டுத் தாய்மாமன் நகை போட வேண்டும். என் ஸ்டைபண்டில் முடிந்த அளவுக்கு வெள்ளியில் அரைஞாணும் ஒரு தாயத்தும் திருவண்ணாமலை தேரடி வீதியில் வாங்கிக்கொண்டு போனேன். தாயத்து என்பது இரண்டு பக்கமும் மூடி போட்ட சின்ன வெள்ளிக் குழாய். காய்ந்து விழுந்த தொப்புள்கொடியை அதற்குள் போட்டு அரைஞாணில் கோத்துக் கட்டுவது எங்கள் வழக்கம். பிள்ளைக்குத் தீராத சீக்கு வந்தால் அதை இழைத்துக் கொடுக்கலாம் என்று அத்தை சொல்வாள். மற்றவர்கள் அதைத் திருஷ்டிக்கு என்பார்கள்.

அன்றைக்குத் தாயத்தில் போட எதுவும் இல்லை. கொடி இன்னும் வயிற்றிலேயே இருந்தது. அத்தைக்கு அதில் ஒரு பெருமை. ஆறு வருஷம் கழித்துச் சாமி கொடுத்த பிள்ளை, வந்த இடத்தை லேசில் விடமாட்டான் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களும் எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நூல் கட்டி எடுத்துவிடலாமா என்று ஒருத்தி கேட்டதற்கு, தானாக விழுந்தால்தான் தாயத்துக்கு ஆகும் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வெறும் தாயத்தை மூடி அரைஞாணில் கோத்துக் குழந்தைக்குக் கட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு அக்கா என்னை உள்ளே கூப்பிட்டாள். குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினாள். கொடியைச் சுற்றித் தோல் சிவந்து லேசாக வீங்கியிருந்தது.

“முப்பது நாள் ஆயிடுச்சி, இன்னும் விழல. அத்த சாமி அது இதுன்றாங்க. நீ படிக்கிறவன், நீ சொல்லு. ஒண்ணும் இல்லியே?”

“ஒண்ணும் இல்லக்கா. சில பேருக்கு லேட்டா விழும்” என்றேன்.

எனக்குத் தோன்றவில்லை என்று எழுதிவிட்டால் கதை முடிந்துவிடும். தோன்றியது. பச்சை மையில் எழுதிய வரி ஒரு நொடி கண்முன் வந்து நின்றது. அந்த நொடியில் எனக்கு வந்த எண்ணம், பார்க்கிற பிள்ளைக்கெல்லாம் தன் ஆராய்ச்சி வியாதியை ஒட்டவைக்கிற கிறுக்கன் ஆகிவிடக் கூடாது என்பது. எங்கள் லேபில் ஒருவன் அப்படித்தான், தலைவலி வந்தால் மூளைக்கட்டி என்பான். அவனை நாங்கள் ஓட்டாத நாள் இல்லை. லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத சீக்கு என் அக்கா வீட்டுக்கு எப்படி வரும்? கிழடுகளும் குமரிகளும் கன்னத்தில் போட்டுக்கொள்கிற வயிற்றைக் காட்டி, ரத்தம் எடுக்க வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வேன்? நல்ல நாளும் அதுவுமாக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். அக்கா முகம் உடனே தெளிந்தது. நான் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள், அதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது.

ஆறு நாள் கழித்துக் கொடி விழுந்ததாகப் போஸ்ட் கார்டு வந்தது. அத்தை அதை மஞ்சள் துணியில் சுற்றித் தாயத்தில் போட்டுவிட்டாளாம். அப்பாடா என்று இருந்தது. விழுந்துவிட்டதல்லவா, பிறகென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாமதமாக விழுந்தது என்பதுதானே விஷயம், விழவே விழாது என்று எந்தக் கட்டுரையிலும் இல்லையே. இப்படி ஒரு முட்டாள்தனத்தை ஆராய்ச்சி மாணவன் ஒருவனால்தான் செய்ய முடியும்.

கார்த்திகையில் கரும்புத் தொட்டில் போட்டார்கள். அக்காவின் வளைகாப்புப் புடவையைத் தொட்டிலாக்கி, கட்டுக் கரும்பில் தொங்கவிட்டு, முன்னால் மாமாவும் பின்னால் அக்காவும் தோளில் தாங்கி மாடவீதியைச் சுற்றினார்கள். அக்கா புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். எங்களைப் போல நிறையத் தொட்டில்கள், நகரவே இடமில்லாத கூட்டம். நான் பக்கத்தில் விசிறிக்கொண்டு நடந்தேன். பையன் தொட்டிலில் படுத்திருக்கவே மாட்டேன் என்று காலை வெளியே நீட்டி உதைத்தான். பக்கத்துத் தொட்டில்காரரின் கரும்புத் தோகை அவன் பாதத்தில் உரசிக் கிழித்துவிட்டது. மயிரிழை மாதிரி ஒரு கீறல். ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. அக்கா முந்தானையால் துடைத்துவிட்டாள், அவன் உடனே சிரித்தான்.

அந்தக் கீறல் ஆறவேயில்லை. நாள் போகப் போக அகலமாகிக் குழி விழுந்தது. பார்த்தால் புதிதாக வெட்டிய சதை மாதிரி சிவப்பாக இருக்கும், ஒரு சொட்டுச் சீழ் இருக்காது. அத்தை அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டாள். சீழ் பிடிக்காத சுத்தமான உடம்பு, அவன் தாத்தாவுக்கும் அப்படித்தான் என்றாள். உள்ளூர் டாக்டரும் சீழ் இல்லை, பயப்பட வேண்டாம் என்று களிம்பு கொடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் தன் வாழ்நாளில் இப்படி ஒரு குழந்தையைப் பார்த்திருக்கமாட்டார்.

தை மாதம் ஜுரம் வந்து இறங்கவில்லை. திருவண்ணாமலையில் ரத்தம் பார்த்த இடத்தில் வெள்ளை அணு ரொம்ப ஜாஸ்தி, ரத்தப் புற்றாக இருக்கலாம், வேலூருக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மாமா எனக்கு போன் செய்து அழுதார். வெள்ளை அணு ஜாஸ்தி, புண்ணில் சீழ் இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல என் நோட்டில் இருந்த இரண்டாவது அடையாளம் ஞாபகம் வந்தது. அது புற்று இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே இறங்க முடியாத அணுக்கள் ரத்தத்திலேயே நெருக்கிக்கொண்டு சுற்றினால் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும்.

நான் வேலூர் போய்ச் சேர்ந்தபோது ஒரு பெண் டாக்டர் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், நிதானமானவர். பாதப் புண்ணைப் பார்த்தார். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். பிறகு அரைஞாணில் தொங்கிய தாயத்தை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார்.

“இவனுக்கு தொப்புள்கொடி எத்தனாவது நாள் விழுந்துச்சிம்மா?”

“முப்பத்தாறு” என்றாள் அக்கா.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். அடுத்த கேள்வி, சொந்தத்தில் கல்யாணமா என்பது. நான் கதவோரம் நின்றிருந்தேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அவள் குழந்தையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தப்பித்துவிட்டதாக நினைத்தேன், வெட்கக்கேடு.

டாக்டரிடம் நான் எதில் ஆராய்ச்சி செய்கிறேன் என்று தனியாகச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நல்லவேளை, எதுவும் கேட்கவில்லை. இதை உறுதி செய்கிற சோதனைக்கு அங்கே மருந்து தருவிக்க நாளாகும் என்று சொல்லி, இரண்டு குழாய் ரத்தம் எடுத்துத் தந்தார். ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து மடியில் கட்டிக்கொண்டு சென்னை பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

லேபில் வேறு யாரையும் தொடவிடாமல் நானே செய்தேன். ஒப்பிட்டுப் பார்க்க என் ரத்தத்தையே எடுத்துக்கொண்டேன். தட்டில் மேல் வரிசையில் என் அணுக்கள், கீழ் வரிசையில் அவனுடையவை. மக்னீசியம் ஊற்றினேன். அரைமணி காத்திருந்தேன். முதல் தடவை கழுவினேன், இரண்டாம் தடவை கழுவினேன். எப்போதையும்விட மெதுவாக, விளிம்பில் சொட்டுச் சொட்டாக விட்டுக் கழுவினேன். ஒன்றாவது ஒட்டியிருக்காதா என்று இருந்தது. மூன்றாவது முறை கழுவிவிட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். மேல் வரிசையில் குழிக்குக் குழி அணுக்கள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தன. கீழ் வரிசை துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. சோதனையில் இவ்வளவு சுத்தமான விடை எனக்கு அதற்கு முன் வந்ததேயில்லை. எழுந்துபோய்க் கை கழுவுகிற தொட்டிக்கு முன்னால் நின்று அழுதேன்.

அந்த நோய்க்கு ஒரே வழி வேறொருவரின் எலும்பு மஜ்ஜையை மாற்றி வைப்பது. அதைக் கிருமி தொற்றாத உடம்பில்தான் செய்ய முடியும். இவனுக்கு அதற்குள் நுரையீரலில் இறங்கிவிட்டது. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் முயற்சி செய்து பார்த்திருக்கலாம் என்று டாக்டர் பொதுவாகச் சொன்னார். மாசி மாதம் அவன் போய்விட்டான். பத்து மாதம்கூட முடியவில்லை.

சின்னக் குழந்தை என்பதால் எரிக்காமல் புதைத்தார்கள். புதைக்கும் முன் அரைஞாணை அறுக்க வேண்டும். கட்டியவன் நான் என்பதால் என்னையே அறுக்கச் சொன்னார்கள். வெள்ளி அரைஞாணின் கொக்கி எனக்குக் கழலவில்லை. கடைசியில் மாமாதான் பிடித்து இழுத்தார். தாயத்தை யார் எடுத்தார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. அத்தை மண்ணில் உட்கார்ந்து, சீக்கு வந்தப்போ அந்தக் கொடியை இழைத்துக் கொடுக்க மறந்துவிட்டேனே என்று மார்பில் அடித்துக்கொண்டாள். பாவம், தன்மேல் பழி போட்டுக்கொள்ள அவளுக்கும் ஒரு மறதி தேவைப்பட்டது.

ஒன்றரை வருஷம் கழித்து என் ஆராய்ச்சி நூலைக் கொடுத்தேன். முதல் அத்தியாயம், முதல் பக்கத்தில் அந்த வரியை எழுதாமல் இருக்க முடியாது. இந்த டொமைன் பழுதானால் தொப்புள்கொடி தாமதமாக விழும் என்று எழுதினேன். வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், நீங்கள் இப்படி ஒரு நோயாளியை நேரில் பார்த்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். தேர்வு முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். பட்டம் வாங்கியதும் அக்காவுக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பீரோவில் வைத்தாள்.

இரண்டாயிரத்தில் அக்கா மறுபடி உண்டானாள். மாமாவுக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை கிடைத்து அவர்கள் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் புது வீட்டுக்குக் குடிவந்திருந்தார்கள். எனக்குச் செய்தி தெரிந்ததும் சந்தோஷம் வரவில்லை, கிலிதான் வந்தது. அப்பனும் ஆத்தாளும் ஆளுக்கொரு பழுதை மறைவாக வைத்திருக்கிறார்கள், இரண்டும் ஒரே பிள்ளையிடம் போய்ச் சேர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. வேலூர் டாக்டர் இதை மாமாவிடம் சொல்லியிருந்தார். மாமா அதை அக்காவிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை என்று கிளம்பிப் போனேன்.

மத்தியான நேரம். அவள் மட்டும்தான் இருந்தாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. நாலில் ஒன்று என்பதைச் சொன்னேன். பிறந்ததும் ரத்தம் பார்த்துவிடலாம், அப்படி ஏதாவது இருந்தாலும் ஆரம்பத்திலேயே வைத்தியம் தொடங்கிவிடலாம் என்று சொன்னேன். பிறகு, ஐந்து வருஷமாகத் தொண்டையில் கிடந்ததையும் சொன்னேன். முப்பதாம் நாள் அவள் கேட்டபோது எனக்கு அந்த வியாதி ஞாபகம் வந்தது என்றும், வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்தேன் என்றும் சொன்னேன்.

அவள் அழுவாள், திட்டுவாள் என்று பார்த்தேன். முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே பேசினாள்.

“தெரியும். வேலூர்ல அந்தம்மா மொதல்ல கேட்டதே அதானே. உங்கிட்ட நான் கேட்டதும் அதான். அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி.”

“ஏங்க்கா ஒண்ணுமே கேக்கல?”

“கேட்டா நீ என்னா சொல்லுவ? எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்தன். உன்னயும் உட்டுட்டு நான் எங்க போறது?”

பொறுக்கிய கல்லை எறிந்துவிட்டு, அன்றைக்கே சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று கேட்டாள். தெரியாது, ஒருவேளை பிழைத்திருக்கலாம் என்றேன். பொய் சொல்லக் கூடாது என்று போயிருந்தேன், ஆனால் அந்த ஒருவேளையைச் சொன்னபோது பொய்யே பரவாயில்லை என்று தோன்றியது. அவள் எழுந்து உள்ளே போனாள். பீரோவைத் திறந்து என் ஆராய்ச்சி நூலை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். முதல் அத்தியாயம் இருந்த இடத்தில் பக்கங்கள் கொஞ்சம் உப்பியிருந்தன. நடுவில் அந்தத் தாயத்து இருந்தது. அந்த வரி எந்தப் பக்கம் என்று யாரைக் கேட்டுத் தெரிந்துகொண்டாளோ, நான் கேட்கவில்லை. இதை நீயே வைத்துக்கொள் என்றாள்.

பெண் குழந்தை பிறந்தது. பட்டம் வாங்கிய பிறகும் எனக்கு அதே லேபில்தான் வேலை, பிறந்த அன்றிலிருந்து லீவு போட்டுவிட்டு அங்கேயே இருந்தேன். தினம் காலையில் குளிப்பாட்டும் முன் அக்கா என்னைக் கூப்பிட்டுத் துணியை விலக்கிக் காட்டுவாள். நான் பார்ப்பேன். அவள் எதுவும் கேட்கமாட்டாள், நானும் எதுவும் சொல்லமாட்டேன். ஐந்தாம் நாள் கொடி காய்ந்து கறுத்தது. ஏழாம் நாள் வேர் பிடித்த இடத்தில் லேசாக ஆடியது. ஒன்பதாம் நாள் துணியோடு வந்துவிட்டது. அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். அக்கா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு சொட்டு எடுக்கவே கை கூசுகிற குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லி, பிளாஸ்கில் வைத்துச் சென்னைக்குக் கொண்டுபோனேன். அதே மாதிரித் தட்டு. மேல் வரிசையில் நான், கீழ் வரிசையில் அவள். இந்தத் தடவை மெதுவாகக் கழுவவில்லை. மூன்று முறை கழுவிவிட்டு, யாரும் சொல்லாத நாலாவது முறையும் கழுவினேன். அழுத்தமாகவே ஊற்றினேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எல்லாம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். அக்காதான் எடுத்தாள்.

“ஒண்ணும் இல்லக்கா” என்றேன்.

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது.

“அன்னிக்கும் இப்டித்தான் சொன்ன” என்றாள்.

பூத்துக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேர்ல வா. இவள மடியில வெச்சிக்கினு, என் மூஞ்சியப் பாத்து சொல்லு” என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

லேபுக்குப் போய்த் தட்டைக்கூடக் கழுவி வைக்காமல், அடுத்த திருவண்ணாமலை பஸ்ஸைப் பிடித்தேன்.